ஐந்து நட்சத்திரம் வாங்கிய ரேடியோ

போன மாதம் என் தம்பி மகள் புது செல்போன் வாங்கினாள். வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் சோறு தண்ணி மறந்து வாசித்தாள். எதன் கேமரா நல்லது, எது கீழே விழுந்தால் உடையாது, எதன் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதியதையெல்லாம் வாசித்துவிட்டு, கடைசியில் கூட வேலை பார்க்கிறவள் வைத்திருக்கும் அதே போனை வாங்கி வந்தாள். "இதுக்கா இம்புட்டு வாசிச்ச?" என்று கேட்டேன். "வாசிக்காம வாங்கினா ஏமாந்துருவோம் அத்தை" என்றாள்.

உங்கள் வீடுகளிலும் இதே கூத்துதான் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, கையில் தூக்கிக்கொண்டு போகும் சாமான்களைப் பற்றி எழுதும் இந்தப் பத்திரிகைகளால் பிரயோஜனம் உண்டா இல்லையா என்று பேச்சு வந்தது. ஆளுக்கொன்று சொன்னீர்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு. அதை எழுதித்தான் காட்ட முடியும். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் போதாது.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. எங்களுக்குப் பூர்வீகம் நாசரேத் பக்கம் என்றாலும் பிழைப்பு தூத்துக்குடியில். ஒரே முற்றம், ஒரே கிணறு, இரண்டு வீடு. ஒன்றில் நாங்கள், மற்றதில் பெரியப்பா குடும்பம். அப்பா உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். பெரியப்பாவுக்குக் கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் வேலை. புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பல்கள் இன்னும் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு தோணியில் வரும். பெரியப்பா காகிதக் கட்டோடு லாஞ்சு என்ற மோட்டார் படகில் ஏறிக் கப்பலுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் சட்டையெல்லாம் உப்புப் பூத்துத் திரும்புவார்.

வெறுங்கையோடு வர மாட்டார். ஒரு நாள் வெளிநாட்டு சோப்பு, ஒரு நாள் தகர டப்பாவில் பிஸ்கட். கப்பலில் ரேடியோ ஆபீசர் என்று ஒருவர் இருப்பார். தந்தி வாங்குவதும் அனுப்புவதும் அவர் வேலை. அப்படி ஒரு வெள்ளைக்கார ஆபீசர் வாசித்துத் தீர்த்த லண்டன் பத்திரிகைகளைப் பெரியப்பாவிடம் கொடுத்தனுப்புவார். வழவழவென்ற தாள். அதில் டீசலும் சிகரெட்டும் கலந்த ஒரு வாசனை. படங்களில் டிரான்சிஸ்டர், டேப் ரிக்கார்டர், உள்ளங்கையில் அடங்கும் கணக்குப் போடும் மெஷின். அந்தப் பத்திரிகைக்காரர்கள் ஒவ்வொன்றையும் மேசையிலிருந்து கீழே போட்டுப் பார்ப்பார்கள், தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள், பேட்டரி சாகும் வரை ஓடவிட்டு மணி பார்ப்பார்கள். கடைசியில் நட்சத்திரம் போடுவார்கள். ஐந்து நட்சத்திரம் வாங்கினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

அந்தப் பத்திரிகைகள் அத்தனையும் பெரியப்பா மகளுக்கு. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். கான்வென்டில் படித்தாள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டாமல் மழை பெய்கிற மாதிரி வாசிப்பாள். நான் தமிழ்ப் பள்ளிக்கூடம். அவளுக்கு இரட்டைச் சடை, எனக்குப் பேன். அவளுக்குக் கறுப்பு ஷூ, எனக்கு வார் அறுந்த செருப்பு. பொறாமை என்று சொன்னால் போதாது. அவள் முற்றத்தில் நடந்து வரும்போதே நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். அவளோ நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையாக இருந்ததுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

அந்த வருஷம் அம்மா உண்டாகியிருந்தாள். எனக்குப் பிறகு இரண்டு தங்காமல் போயிருந்ததால் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: பிள்ளை பிறக்கும் வரை கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது. கால்மாட்டுப் பக்கம் கட்டில் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருந்தது. தலை தாழ, கால் மேலே. அப்படியே ஐந்து மாதம். பயப்படாதீர்கள், தம்பி நல்லபடியாகப் பிறந்தான். செல்போன் வாங்கியது அவன் மகள்தான்.

நாள் முழுக்க ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த அம்மாவுக்கு ஒரே ஆறுதல் பக்கத்து வீட்டு போஸ்ட்மாஸ்டரின் ரேடியோ. அலமாரி அளவு இருக்கும் பழைய வால்வு ரேடியோ. மத்தியானம் சிலோன் ஸ்டேஷன் வைப்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் பாடுவது எங்கள் ஊரில் பக்கத்துத் தெருவில் பாடுவதுபோல் கேட்கும். ஆனால் போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மாவுக்கு வெயில் ஆகாது. பாதிப் பாட்டில் ஜன்னலைச் சாத்திவிடுவாள். அம்மா மிச்சப் பாட்டைத் தானே முணுமுணுப்பாள். வரி மறந்தால் அன்றைக்கு முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருப்பாள்.

சாயங்காலம் அக்கா வந்துவிடுவாள். பத்திரிகையை விரித்துவைத்து இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி.

"கேளுங்க சித்தி. இந்த ரேடியோவ மேசையிலருந்து கீழ போட்டாங்களாம். மூடிதான் கழண்டுச்சாம், பாட்டு நிக்கலையாம்."

"ஒங்க சித்தப்பாவையும் ஒருக்கா போட்டுப் பாக்கச் சொல்லுளா. எத்தன நட்சத்திரம்னு தெரிஞ்சுக்கிடுவோம்."

"சித்தப்பாவுக்கு ரெண்டரை, சித்தி. சத்தம் தெளிவு, ஆனா நிப்பாட்டுற திருகு இல்ல."

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். டாக்டரம்மா அதிர்ந்து சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். நானும் ஒரு நாள் வாரப் பத்திரிகையிலிருந்து துணுக்குகளை வாசித்துக் காட்டினேன். மூன்றாவது துணுக்குக்கு அம்மா "ம்" என்றாள். நாலாவதுக்குத் தூங்கிவிட்டாள். அவள் பெற்ற பிள்ளை நான். சிரிப்பு மட்டும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு. முற்றத்துக் கிணற்றடியில் உட்கார்ந்து அக்காவின் சடையை எலி கடித்துப் போகட்டும் என்று ஜெபம் பண்ணியிருக்கிறேன். கர்த்தர் கேட்கவில்லை.

அம்மாவுக்குத் தலைமாட்டில் வைத்துக்கொள்ள ஒரு டிரான்சிஸ்டர் வாங்க வேண்டும் என்று அப்பா முடிவுசெய்தார். கடைத்தெருவில் நம் நாட்டு டிரான்சிஸ்டர் கிடைத்தது. "அதுவே போதும்" என்றாள் அம்மா. அக்காதான் யோசித்தாள். கடையில் இருப்பது செங்கல் கனம். சித்தி மல்லாக்கப் படுத்துக் கிடக்கிறாள். நெஞ்சில் வைத்துக் கேட்டால் மூச்சு முட்டும். பத்திரிகையில் ஒவ்வொன்றுக்கும் எடை போட்டிருந்தது. எல்லாவற்றிலும் லேசானது, பேட்டரி அதிக நாள் நிற்பது, கீழே போட்டும் உடையாதது என்று ஒரு கறுப்பு ரேடியோ ஐந்து நட்சத்திரம் வாங்கியிருந்தது. அக்கா அடுக்களையிலிருந்து ஒரு கருப்பட்டியைக் கொண்டுவந்து அம்மா நெஞ்சில் வைத்தாள்.

"இம்புட்டுத்தான் சித்தி கனம்."

அப்பா அதைப் பார்த்து அசந்துபோனார். சரித்திரத்தில் இல்லாத அறிவு என்று பாராட்டினார். எனக்கு ஒரு நாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை. பெரியப்பா அடுத்த தடவை கப்பலுக்குப் போனபோது ரேடியோ ஆபீசரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிச் சொல்லிவைத்தார். ஐந்தாறு வாரத்தில் அதே கப்பல் திரும்ப வரும், வரும்போது கொண்டுவருகிறேன் என்றார் ஆபீசர். நம் ரூபாயை வைத்துக்கொண்டு அவர் ஊரில் ஒரு முட்டாய்கூட வாங்க முடியாதே. முத்து இருந்தால் கொடுங்கள் என்றார். அந்நாளில் எங்கள் ஊருக்கு வந்த கப்பல்காரர்கள் எல்லாரும் கேட்டது அதைத்தான்.

அம்மாவிடம் ஒரு ஜோடி முத்துத் தோடு இருந்தது. கடைசியாக முத்துக்குளித்த வருஷம் மாமா ஏலத்தில் சிப்பி எடுத்திருந்தார். திறக்காத சிப்பியை நூறு நூறாகக் குவித்து ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கலாம், வெறும் சதையாகவும் இருக்கலாம், எடுத்தவன் பாடு. மாமா அதைப் பானையில் போட்டுக் கொல்லையில் அழுகவிட்டு, ஊரே மூக்கைப் பிடிக்க, கழுவிக் கழுவிப் பார்த்ததில் சோடி சேர்ந்த இரண்டு முத்து தேறியது. தங்கைக்குத் தோடு செய்து போட்டார். அதன் பிறகு எங்கள் கடலில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. அம்மாவுக்கு அந்த இரண்டையும் விட்டால் நகை என்று பெரிதாக ஒன்றுமில்லை.

கப்பல் திரும்பி வருவதற்குப் பத்து நாள் இருக்கும். அக்கா காய்ச்சலில் படுத்தாள். பத்திரிகை எங்கள் வீட்டில் அம்மாவின் கால்மாட்டிலேயே கிடந்தது. அப்பாவின் டிக்‌ஷனரியை எடுத்து வைத்துக்கொண்டு, செங்கல் வைத்த கட்டில் காலில் முதுகைச் சாய்த்து, நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் மட்டும்தான் வாசிப்பாளோ? ஒரு வரிக்கு ஏழு வார்த்தை தேட வேண்டியிருந்தது. மூன்று நாள். கண் எரிந்தது. ஆனாலும் விடவில்லை. அக்கா பெரிய எழுத்தை மட்டும் வாசித்துக்கொண்டு ஓடுவாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் ஓடத் தெரியாதவள். பொடி எழுத்தையும் கட்டத்தையும் விடாமல் வாசித்தேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல். ஒவ்வொரு ரேடியோவும் எந்தெந்த அலையைப் பிடிக்கும் என்று புள்ளி வைத்திருந்தார்கள். மற்ற ரேடியோக்களுக்கு மூன்று புள்ளி, நாலு புள்ளி. ஐந்து நட்சத்திர ரேடியோவுக்கு எப்.எம். என்ற கட்டத்தில் மட்டும் ஒரே புள்ளி. மீடியம் வேவ் காலி. ஷார்ட் வேவ் காலி. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. உப்பு வாங்கப் போகிற சாக்கில் போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குப் போய், சிலோன் பாடிக்கொண்டிருந்த அந்தப் பெரிய ரேடியோவின் முகத்தைப் பார்த்தேன். முள் நின்ற இடத்தில் மீடியம் வேவ் என்று எழுதியிருந்தது. திருகினால் ஷார்ட் வேவ் உண்டு. எப்.எம். என்ற சொல்லே அந்தக் கண்ணாடியில் எங்கும் இல்லை.

எனக்கு விளங்கிவிட்டது. லண்டன்காரனுக்கு நட்சத்திரம் போட்ட ரேடியோ அது. எங்கள் ஊரில் வாயைத் திறக்காது. அக்காவுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது! உப்பை மறந்து ஓடினேன். வாசலுக்கு வந்தபோதே உள்ளே சிரிப்புச் சத்தம். காய்ச்சல் விட்டு எழுந்து வந்த அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளி, "மூணு நாளா வீடே செத்துப் போச்சுளா. இங்கிலீசுன்னா நம்ம குடும்பத்துல நீ ஒருத்திதான்" என்றாள்.

மூன்று நாளும் நான் அங்கேதான் இருந்தேன். அவள் கட்டில் காலில்தான் சாய்ந்திருந்தேன்.

சொல்ல வந்ததை விழுங்கினேன். வரட்டும், அந்த ரேடியோ வரட்டும், ஊரே பார்க்க ஊமையாக நிற்கட்டும், அப்போது தெரியும் யார் இங்கிலீஷ் என்று. தன் மூக்கு அறுபட்டாலும் எதிராளிக்குச் சகுனத் தடையாக வேண்டும் என்பார்களே, அந்த ரகம். அறுபடப்போவது அம்மாவின் காது என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். நினைத்துப் பார்த்தேன். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, கடைசி நிமிஷத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கடைசி நிமிஷமும் வந்தது. கப்பல் வந்த அன்று காலையில் பெரியப்பா லாஞ்சுக்குப் புறப்பட்டு வாசலில் நின்றார். அம்மா படுத்தபடியே ஒரு தோட்டைக் கழற்றினாள். மற்றதைக் கழற்றுமுன் என் பக்கம் திரும்பினாள்.

"ஏளா, நீ என்ன சொல்லுத? குடுத்துரட்டுமா?"

பக்கத்தில் அக்கா பத்திரிகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பூனையிடம் கேட்பதுபோல் ஒரு பேச்சுக்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

"எனக்கென்ன தெரியும்? இங்கிலீசு தெரிஞ்சவகிட்டக் கேளு" என்றேன்.

அம்மா இரண்டாவது தோட்டையும் கழற்றிக் கொடுத்தாள்.

ரேடியோ சாயங்காலம் வந்தது. மூடி முத்திரை ஒட்டிய பெட்டி. துறைமுக வாசலில் சுங்கக்காரர்களைத் தாண்டி அதை எப்படிக் கொண்டுவந்தார் என்று அப்பா பெரியப்பாவிடம் கேட்கவில்லை, அவ்வளவுக்கு நேர்மையானவர். ஆனால் ரேடியோவுக்கு லைசன்ஸ் வேண்டும் என்ற சட்டத்தை மதித்து, அது வருவதற்கு முன்பே போஸ்ட் ஆபீஸில் லைசன்ஸ் புத்தகம் வாங்கி வைத்திருந்தார். பேட்டரி போட்டு, கம்பியை இழுத்துவிட்டு, அம்மாவின் நெஞ்சில் வைத்தார்கள். உண்மையிலேயே கருப்பட்டி கனம்தான். திருகினார்கள். "ஸ்ஸ்ஸ்" என்றது. இந்தக் கோடிக்குத் திருகினாலும் "ஸ்ஸ்ஸ்", அந்தக் கோடிக்குத் திருகினாலும் "ஸ்ஸ்ஸ்". உயரம் போதவில்லை என்று பெரியப்பா சொன்னதால் அப்பா வேட்டியை மடித்துக் கட்டித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று ரேடியோவைக் கிழக்கே கடலைப் பார்க்கக் காட்டினார். அந்த நேரம் போஸ்ட்மாஸ்டர் வீட்டு ரேடியோ பிறந்தநாள் வாழ்த்து வாசித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் கடைத்தெரு மெக்கானிக் அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னார்: "சார், சாமான் முதல் தரம். ஆனா இது கேக்குற அலையில பேசுறதுக்கு நம்ம பக்கம் ஆளில்ல."

கப்பல் அதற்குள் போய்விட்டது. ஆபீசர் ஏமாற்றவில்லை, கேட்டதைத்தான் கொண்டுவந்தார். பத்திரிகைக்காரனும் பொய் எழுதவில்லை. அவன் ஊரில் அது பாடியிருக்கும். அக்கா மட்டும்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். பெரியப்பா அவளை முற்றத்தில் வைத்து அடித்தார். "பொம்பளப் பிள்ளைக்கு ரேடியோ என்ன, நட்சத்திரம் என்ன! ஒன்னப் படிக்க வச்ச என்னச் சொல்லணும்!" அவள் அழவில்லை. அம்மா படுத்திருந்த அறைப் பக்கம் பார்த்து, "சித்தி, நான் கடைசிப் பக்கத்தப் பாக்கல சித்தி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நேரம் இருக்கவும் செய்தது, அதையும் மறைக்கவில்லை.

பத்திரிகைகள் எல்லாம் பலசரக்குக் கடை அண்ணாச்சிக்குப் பொட்டலம் கட்டப் போயின. "என்ன தாளும்மா இது, மடிச்சா நிக்க மாட்டேங்கு, வழுக்குது" என்று அவர் ஒரு வாரம் புலம்பினார். டேப் ரிக்கார்டர் படம் போட்ட தாளில் எங்களுக்கே மிளகாய் வந்தது. பெரியப்பா அதன் பிறகு கப்பலிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் கொண்டுவரவில்லை. அக்கா பள்ளி இறுதியோடு நின்றாள். ஆறுமுகநேரியில் ஓர் உப்பளத்துக் கணக்கருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டில் மிக்சி ரிப்பேர் ஆனால்கூட அவள்தான் கழற்றி மாட்டுவாள் என்று அவள் மாப்பிள்ளை பெருமையாகச் சொல்வார். இன்ஜினீயராக வந்திருக்க வேண்டியவள் என்று எனக்கு இன்றைக்குத் தோன்றுகிறது. பெரியப்பாவும் அப்பாவும் அவள் தப்பாக வாசித்தாள் என்றுதான் கடைசி வரை நம்பினார்கள். அவள் அம்மாவின் நெஞ்சுக்கனத்தை யோசித்து வாசித்தாள். நான் அவளைக் கவிழ்ப்பதற்கு வாசித்தேன். குற்றம் கண்டுபிடிக்க வாசிக்கிறவள் கண்ணுக்குத்தான் பொடி எழுத்து தெரியும் போலிருக்கிறது.

ஆகையால் நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: வாசிக்கலாம். எழுதினவன் எந்த ஊர்க்காரன் என்று பார்த்து வாசிக்க வேண்டும், கடைசிப் பக்கம் வரை வாசிக்க வேண்டும். வாசித்துத் தெரிந்ததை வீட்டில் சொல்லவும் வேண்டும். மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அன்றைக்கு அக்கா அடிவாங்கிப் போன பிறகு அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். காதுத் துளை தூர்ந்துபோகாமல் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். ரேடியோ தலைமாட்டில் கிடந்தது. அக்காமேல் கோபமாக இருப்பாள், இன்றைக்காவது என் பக்கம் திரும்புவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவ சொல்லக் கேட்டுத் தோட்டக் குடுத்தியேம்மா" என்று எடுத்துக்கொடுத்தேன்.

"அவ சொன்னதுக்காகவா குடுத்தேன்?" என்றாள் அம்மா. "அவ வெளையாட்டுப் பிள்ள, சிரிக்க வைக்கத்தான் வாசிப்பா. நீ மூணு நாளு டிக்‌ஷனரிய வச்சுக்கிட்டு எங்காலடியில கெடந்து வாசிச்சேல்லா. சோத்துக்குக் கூப்பிட்டாக்கூட நீ எந்திரிக்கல. அதுல கெட்டது எதும் இருந்தா இவ கண்ணுக்குத் தப்பாது, இவ சொல்லிருவான்னு நெனச்சேன். ஒங்கிட்டக் கேட்டுட்டுத்தான ரெண்டாவதக் கழத்துனேன்?"

கஞ்சிக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அம்மா என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, குரலைத் தாழ்த்தினாள்.

"சரி, போட்டும்ளா. அது பெரிய படிப்புப் படிச்சவன் எழுதின இங்கிலீசு. ஒனக்கும் புரிஞ்சிருக்காது."

"ஆமாம்மா" என்றேன். "புரியல."